பழைய மதகுக்கு நேரே

சேசு மரி சூசை துணை

மாதா கோயில் தெரு,
கூட்டேரிப்பட்டு அருகில்,
20-1-2025

ஹக்கீம் பாய் அவர்களுக்கு,

சவுரிராயன் எழுதுவது. எந்தச் சவுரிராயன் என்று கேட்காதீர்கள். இரண்டு தடவை உங்களை எங்கள் ஏரிக்குக் கூட்டிப்போய் விரால் மீன் இருக்கும் இடம் காட்டினேனே, அந்த ஆள்தான்.

போன் போட்டுப் பார்த்தேன். ஒரு ரிங் போவதற்குள் கட்டாகிறது. பக்கத்து வீட்டு போனில் இருந்து போட்டால் ஜோராக ரிங் போகிறது. அப்போ என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். நீங்கள் ‘அலோ’ என்றதும் நான் வைத்துவிட்டேன். அடுத்தவர் போனில் பேசுகிற சங்கதி இல்லை இது. பொங்கலுக்கு முன்னால் எனக்கு விரால் தூண்டிலில் மாட்டுகிற ரப்பர் தவளை பார்சல் அனுப்பினீர்களே, அதன் மேல் இருந்த திண்டிவனம் அட்ரஸைப் பார்த்து எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். காணும் பொங்கல் அன்று ஊர்ச் சனம் பாதி மயிலத்துக்கும் பாதி பாண்டிக்கும் போயிருந்தது. பகல் பதினொரு மணிக்கு ஒரு வேனில் ஐந்தாறு பேர் வந்து ஏரியில் வலை போட்டிருக்கிறார்கள். ஏரி முழுக்க இல்லை. பழைய மதகுக்கு நேரே, கோரை ஒதுங்கிய அந்த மடுவில் மட்டும். வேறு எங்கும் தேடவில்லை, தடவவில்லை. நேராக அங்கே போய், சுற்றி வளைத்து, ஒரு மணி நேரத்தில் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஓடிவந்து பார்த்தபோது கலங்கின தண்ணீரும் செத்த பொடி மீனும்தான் மிச்சம். நீங்கள் ஆசைப்பட்ட அந்தப் பெரிய விராலும் போச்சு.

அதோடு கோதண்டபாணி விட்ட கெண்டை மீனும் போச்சு. ஏரி மீனைக் குத்தகை எடுத்தவர் அவர்தான். முதல் நாள் கரையில் நின்று உங்களிடம் வணக்கம் வாங்கிக்கொண்டு போனாரே, வெள்ளைச் சட்டைக்காரர். அவர் வாய் வார்த்தையாகச் சரி என்று சொன்னதால்தான் நான் சனி, ஞாயிறில் தூண்டில்காரர்களைக் கூட்டிவந்து பிழைக்கிறேன். இப்போது அவர், ‘எடத்தக் காட்டிக் குடுத்தவன் நீதான்டா. வேற எவனுக்குத் தெரியும் அந்த மடு?’ என்கிறார். பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். அதற்குள் யார் சொன்னது என்று நான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நான் மட்டுமில்லை, எங்கள் தெரு ஆள் ஒருத்தரும் ஏரிக்கரையில் கால் வைக்கக் கூடாதாம். மாட்டுக்குப் புல் அறுக்கக்கூட.

அந்த மடு மூன்று பேருக்குத் தெரியும். ஒன்று நான். இரண்டு, கரையில் மாடு மேய்க்கும் சின்னபொண்ணு. மூன்றாவது நீங்கள். கூட்டிப்போகும் முன்னாலேயே நான் சொன்னதை ஞாபகப்படுத்துகிறேன். ‘பாய், மீனப் போட்டோ புடிச்சிக்கோங்க. பின்னாடி எடம் தெரியற மாதிரி மட்டும் புடிக்காதீங்க. ஆருக்கும் எடத்தச் சொல்லாதீங்க.’ நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தப் போட்டோவை யாருக்கு அனுப்பினீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

சவுரிராயன்


786

திண்டிவனம்,
23-1-2025

திரு. சவுரிராயன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதிலே எழுத வேண்டாம் என்றுதான் என் மனைவி அசன் பீவி சொன்னாள். ‘அந்தாளு சங்காத்தமே வாணாங்க, மீன மார்க்கெட்டுல வாங்கிக்கலாம்’ என்றாள். ஆனால் ஷார்ஜாவில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவன் நான். புகார் வந்தால் எழுத்தில் பதில் கொடுத்துத்தான் பழக்கம். போனில் வேண்டவே வேண்டாம். போனில் பேசினதை நாளைக்கு இல்லை என்று சாதிக்கலாம். உங்கள் கடிதத்தை ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். இதையும் நகல் எடுத்துக்கொண்டுதான் அனுப்புகிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில். நான் எடுத்த போட்டோ நான்கு. நான்கிலும் மீனும் நானும் வானமும்தான் இருக்கின்றன. மதகு இல்லை, கோரை இல்லை. அனுப்பியது ஒரே ஆளுக்கு, கோட்டக்குப்பத்தில் இருக்கும் என் மகள் ஃபர்ஹானாவுக்கு. ‘வாப்பா, மீனை விட உங்க தொப்பைதான் பெருசா இருக்கு’ என்று பதில் போட்டாள். அவள் வேன் பிடித்துக்கொண்டு வந்து வலை போட்டாள் என்கிறீர்களா?

இனி என் புகாரைக் கேளுங்கள். ஜனவரி பன்னிரண்டாம் தேதி விடியலில் ஏரிக்கரையில் இறங்கினோம். சுபுஹு தொழுகைக்கு நேரமாயிற்று. தூண்டில் பெட்டியை உங்கள் கையில் கொடுத்து, ‘பாத்துக்கோங்க சவுரி’ என்று சொல்லிவிட்டு, கரையில் துண்டை விரித்துத் தொழுதேன். எழுந்து வந்து தவளையை வீசினேன். நான்காவது வீச்சில் அந்தப் பெரிய விரால் கவ்வியது. என் கை முழுக்க அதன் கனம். ஒரு தடவை எகிறியது, இரண்டு தடவை எகிறியது, மூன்றாவது எகிறலில் தவளையைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. ‘உடுங்க பாய், அதுக்கு இன்னும் நேரம் வர்ல’ என்றீர்கள். அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஏமாற்றம் இல்லை. கண்டத்தில் இருந்து தப்பின ஆளின் நிம்மதி இருந்தது.

கூட்டேரிப்பட்டு டீக்கடையில் உட்கார்ந்து தவளையைத் தடவிப் பார்க்கிறேன். தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் சின்னதாக ஓர் எதிர்முள் இருக்கும். மீன் வாயில் தைத்தது கழன்று வராமல் பிடித்துக்கொள்வது அதுதான். என் தவளையின் இரண்டு முள்ளிலும் அது நசுக்கப்பட்டிருந்தது. குறடு பிடித்த தடம் தெரிகிறது. ‘இது என்னங்க?’ என்று கேட்டேன். நீங்கள் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனீர்கள்.

ஓட்டலில் பெட்டி தூக்குபவன் விருந்தாளியின் பெட்டியைத் தூக்கலாம், திறக்கக் கூடாது. வழிகாட்டிக்கும் அதே சட்டம்தான். தொழுதுகொண்டிருந்த மனிதனின் பெட்டியில் கை வைத்தது யார்? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்களுக்கு நான் ஒரு நல்லது செய்திருக்கிறேன். அது உங்களுக்கே தெரியாது. சொல்லிக் காட்டும் பழக்கம் எனக்கு இல்லை. அப்படிச் செய்தவனுக்குத்தான் நீங்கள் இந்த மாதிரி கடிதம் எழுதுகிறீர்கள்.

அப்துல் ஹக்கீம்


சேசு மரி சூசை துணை

27-1-2025

ஹக்கீம் பாய் அவர்களுக்கு,

நகல் எடுத்தீர்களா, எடுங்கள். நான் நகல் எடுக்க வேண்டுமானால் கூட்டேரிப்பட்டுக்கு நடக்க வேண்டும். நான் எழுதினதை நான் மாற்றிப் பேச மாட்டேன், அதனால் எனக்கு நகல் தேவையில்லை.

முள் மழுங்கினதுக்கும் ஏரி காலியானதுக்கும் என்ன சம்பந்தம்? வீடு எரிகிறது என்று நான் கத்துகிறேன், செருப்பைக் காணோம் என்று நீங்கள் கேட்கிறீர்கள். முதல் தடவை வந்தபோது இரண்டு விராலைப் பிடித்து, தூக்கிப் பார்த்து, முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரிலேயே விட்டீர்கள். பிடித்த மீனை விடுகிற மகராசன், தானாகப் போன மீனுக்கு இந்தக் குதி குதிக்கலாமா?

வழிகாட்டிக்குச் சட்டம் சொல்கிறீர்கள். என் சட்டத்தையும் கேளுங்கள். கூட்டி வந்தவர் தூண்டில் போடும்போது நான் தூண்டில் எடுக்க மாட்டேன். மீன் எனக்கு வேண்டும் என்று கேட்க மாட்டேன். கூப்பிடாமல் அவர் சாப்பாட்டுப் பக்கம் திரும்ப மாட்டேன், என் கேப்பைக் கூழைத் தூக்கில் கொண்டுவந்து தள்ளி உட்கார்ந்து குடிப்பேன். முதல் நாள் அப்படித்தான் உட்கார்ந்தேன். நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். ஒரு பெரிய தட்டில் பிரியாணியைக் கொட்டி, ‘இது சஹன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கை வைக்கணும், வாங்க’ என்றீர்கள். எங்கள் தெருவுக்கு வெளியே ஒருத்தர் தட்டில் நான் கை வைத்துச் சாப்பிட்டது என் ஆயுசில் அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து என் சம்சாரம் அருணாவிடம் சொன்னேன். ‘அப்பேர்ப்பட்ட மனுசனா இதப் பண்ணியிருப்பாரு?’ என்று அவள் இப்போது கேட்கிறாள். எனக்கும் அதுதான் பேஜாரு. உங்களைச் சந்தேகப்படாமலும் இருக்க முடியவில்லை, சந்தேகப்பட்டுவிட்டுத் தூங்கவும் முடியவில்லை.

சந்தேகத்துக்குக் காரணம் சொல்கிறேன். வலை போட வந்தவர்களைச் சின்னபொண்ணு பார்த்திருக்கிறாள். மாட்டை ஓட்டிக்கொண்டு பக்கத்தில் போனவளிடம் அவர்கள் கேட்ட கேள்வி, ‘சவுரிராயன் எடம் இதானே?’ கேட்டீர்களா பாய்? என் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இது கோதண்டபாணி காதுக்குப் போய்விட்டது. அதனால்தான் நானே விற்றேன் என்கிறார். என் பேரும் அந்த இடமும் சேர்த்துத் தெரிந்த ஆள் உங்களைத் தவிர யார்? மற்றவர்களை நான் அந்த மடுவுக்குக் கூட்டிப்போனதே இல்லை. சஹனில் சாப்பிட்டதால் அன்று மத்தியானமே உங்களைக் கூட்டிப்போனேன்.

அப்புறம், எனக்கு ஏதோ நல்லது செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். என்ன நல்லது? தயவு செய்து சொல்லுங்கள். எனக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பினவர்களால்தான் இதுவரை எனக்கு இரண்டு வேலை போயிருக்கிறது.

இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது.

சவுரிராயன்


786

திண்டிவனம்,
30-1-2025

திரு. சவுரிராயன்,

இத்தோடு ‘அவர்களுக்கு’ என்பதை நிறுத்திக்கொள்கிறேன்.

நேற்று மரக்காணத்தில் பாண்டுரங்கனுக்குப் போன் செய்தேன். முதலில் உங்களை எனக்குக் காட்டிவிட்டவரே அவர்தான். கழிமுகத்தில் கொடுவா மீன் பிடிக்க வரும் சனிக்கிழமை கூட்டிப்போக முடியுமா என்று கேட்டேன். மனிதர் இழுத்தார், மென்றார், கடைசியில் சொல்லிவிட்டார். ‘தப்பா நெனச்சிக்காதீங்க பாய். ஒங்களக் கூட்டிக்கினு போனா எடம் வெளிய பூடும்னு சவுரி சொன்னான்.’

ஐம்பத்தெட்டு வயதில் என்னை ஒருவர் களவாணி லிஸ்டில் சேர்த்திருக்கிறார். விசாரிக்காமல், நிரூபிக்காமல். ஓட்டலில் ஒரு விருந்தாளி துண்டைத் திருடிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தால்கூட நாங்கள் அடுத்த ஓட்டலுக்குச் சொல்ல மாட்டோம்.

இந்தக் கவரில் அந்தத் தவளையை வைத்திருக்கிறேன். விரலால் தடவிப் பாருங்கள். முள் மழுங்கிற்று என்று எழுதினீர்களே, மழுங்கியிருக்கிறதா, மழுக்கியிருக்கிறதா? மீனை விடுவதைப் பற்றிக் கிண்டல் வேறு. என் கையில் வந்ததை நானாகத் திருப்பிக் கொடுப்பது என் விருப்பம். வரவிடாமல் செய்வது என்னை ஏமாற்றுவது. கூலி வாங்கிக்கொண்டு ஏமாற்றுவது.

மூன்று நாளாக ஒன்றையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி அந்த மீன் எனக்குக் கிடைக்காமல் நீங்கள் செய்கிறீர்கள். பதினாறாம் தேதி வலைக்காரர்கள் வந்து அதே மீனை அள்ளுகிறார்கள். நடுவில் நான்கே நாள். உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அப்போது அந்த மீனை யாருக்காகப் பத்திரப்படுத்தினீர்கள் சவுரிராயன்? கோதண்டபாணி சொல்வதுதான் சரியோ என்று எனக்கே தோன்றுகிறது.

அவருக்கு நானே ஒரு கடிதம் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்முள் விஷயத்தை அவரும் தெரிந்துகொள்ளட்டும். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்வேன். அந்த நல்லது என்ன என்பதைச் சொல்ல மாட்டேன். அதற்கு இப்போது நான் வெட்கப்படுகிறேன்.

அப்துல் ஹக்கீம்


சேசு மரி சூசை துணை

2-2-2025

ஹக்கீம் பாய் அவர்களுக்கு,

தவளை வந்தது. தடவிப் பார்க்கத் தேவையில்லை. நசுக்கினது நான்தான்.

நீங்கள் துண்டை விரித்துக் குனிந்திருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து குறடால் இரண்டையும் நசுக்கினேன். சாமி கும்பிடுகிற மனிதனின் முதுகுக்குப் பின்னால் செய்தேன். மாதா கோயிலில் நான் முட்டி போட்டிருக்கும்போது ஒருத்தன் என் சட்டைப் பையில் கை விட்டால் எனக்கு எப்படி இருக்கும்? அதை நினைத்துத்தான் டீக்கடையில் எழுந்து போனேன். மன்னித்துவிடுங்கள்.

ஏன் செய்தேன் என்று சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள். நீங்கள் இரண்டாம் தடவை வருவதற்கு முதல் நாள், சனிக்கிழமை, இடம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். மடுவில் தண்ணீர் மேலே செம்மண் கரைத்து ஊற்றின மாதிரி ஒரு சிவப்பு. அசைந்து அசைந்து போகிறது. விரால் குஞ்சு, ஆயிரம் இருக்கும். குஞ்சு சிவப்பாக இருக்கிற வரைக்கும் தாயும் தகப்பனும் அதன் அடியிலேயே காவல் நிற்கும். எது கிட்டே வந்தாலும் பாய்ந்து கவ்வும். உங்கள் தவளையை அது பசிக்குக் கவ்வவில்லை பாய். பிள்ளையைத் தொட வந்த சனியன் என்று கவ்விற்று. குஞ்சோடு இருக்கிற விரால் மேல் தூண்டில் போடக் கூடாது. எங்கள் தெருவில் பட்டினி கிடந்தாலும் போட மாட்டோம்.

‘அப்புறம் ஏன் கூட்டிப்போனாய், அன்றே சொல்லியிருக்கலாமே’ என்பீர்கள். கார்த்திகை மாதம் ஒரு சென்னைப் பார்ட்டி வந்தது. ஏரியின் வடக்குப் பக்கம் இதே மாதிரி குஞ்சு. ‘சார், இங்க மட்டும் போடாதீங்க’ என்று சொன்னேன். ‘அப்ப கண்டிப்பா மாட்டும்ல?’ என்று கேட்டு, அங்கேயேதான் போட்டார்கள். இரண்டு பெரிய மீனையும் தூக்கிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் கெளுத்தி புகுந்து குஞ்சு மொத்தத்தையும் தின்றது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம் யாரிடமும் சொல்வதில்லை. அந்தப் பெரிய விராலுக்காகவே நீங்கள் இரண்டாம் தடவை வந்தீர்கள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டீர்கள் என்று நானே முடிவு பண்ணினேன். மீன் எகிறித் தப்பிப் போகட்டும், உங்களுக்கும் ஆசை தீரட்டும் என்று முள்ளை நசுக்கினேன். சஹனில் சாப்பிட்ட பிறகும் உங்களைச் சென்னைக்காரர்கள் கணக்கில் சேர்த்தேன். தப்பு என்னுடையது. பாண்டுரங்கனிடம் சொன்னதும் தப்புதான்.

இதைக் கோதண்டபாணிக்கு எழுதுவதானால் எழுதுங்கள். தடுக்க மாட்டேன். ஆனால் அந்த மீனைப் பாதுகாத்தவன் அதை வலைக்கு விற்பானா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொரு விஷயம். சின்னபொண்ணு கோதண்டபாணிக்குப் பயந்துகொண்டு முதலில் பாதிதான் சொன்னாள். நேற்றுப் போய் உட்கார்ந்து மீதியைக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘எங்கிட்ட எடம் இதானான்னு கேட்டதோட சரி, அவனுங்க ஆரையும் வழி கேக்கல மாமா. கையில போன வெச்சிக்கினு அதப் பாத்துக்கினே நடந்து வந்தானுங்க. போன்ல ஒரு பொம்பள கொரலு, வந்துட்டீங்கன்னு சொல்லுச்சு. அதுல ஒம் பேரு போட்டிருந்துச்சாம். எவனோ அஞ்சு ஸ்டாரு குடுத்துக்கிறான்னு சொல்லிச் சொல்லி சிரிச்சானுங்க.’

எனக்கு இருப்பது பட்டன் போன். இது எனக்கு விளங்கவில்லை. அஞ்சு ஸ்டார் என்பது ஓட்டலுக்குத்தானே கொடுப்பார்கள்? நீங்கள் ஓட்டலில் இருந்தவர், உங்களுக்குத் தெரியும் என்று கேட்கிறேன்.

சவுரிராயன்


786

திண்டிவனம்,
5-2-2025

அன்புள்ள சவுரி,

அது நான்தான்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அசன் பீவி பதறிப்போய் சர்க்கரை குறைந்துவிட்டது என்று தேன் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜனவரி இரண்டாம் தேதி செய்தேன். ஓட்டலில் நன்றாகத் தங்கிவிட்டுப் போகும் விருந்தாளி, போனில் நட்சத்திரம் போட்டு நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டுப் போவார். அதுதான் மரியாதை. அதை வைத்துத்தான் எங்களுக்குச் சம்பளம் உயர்ந்தது. எழுதாமல் போகிற விருந்தாளியை நாங்கள் நன்றி கெட்டவன் என்போம். உங்களுக்கும் அந்த மரியாதையைச் செய்ய வேண்டும், இந்த ஆளுக்கு நாலு வாடிக்கை வரட்டும் என்று நினைத்தேன். போனில் இருக்கும் வரைபடத்தில் அந்த ஏரியைத் தேடி, மடு இருக்கும் இடத்தில் சரியாக விரலை வைத்து, உங்கள் பேரில் ஒரு இடம் உண்டாக்கினேன். ஐந்து நட்சத்திரம் போட்டேன். ‘பழைய மதகுக்கு நேரே, கோரைக்குக் கிழக்கே, பெரிய விரால் உண்டு’ என்று வழியும் எழுதினேன். வருகிறவர் அலையக் கூடாதே என்று நினைத்து எழுதினேன், சவுரி.

போட்டோவில் இடம் தெரியக் கூடாது என்று நீங்கள் சொன்னதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். யாரிடமும் வாயால் சொல்லவில்லை. எழுதினதும் சொன்னதுதான் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. நான் செய்த நல்லது என்று மார்தட்டினேனே, அது இதுதான். போன கடிதத்தில் உங்களையே திருடன் என்றும் எழுதிவிட்டேன்.

இப்போது அழித்துவிட்டேன். அழிக்கும் முன் பார்த்தேன், இருநூற்றுப் பதினொரு பேர் பார்த்திருந்தார்கள்.

கோதண்டபாணிக்குக் கடிதம் எழுதப் போவதில்லை. ஒன்பதாம் தேதி நானே வருகிறேன்.

அப்துல் ஹக்கீம்


சேசு மரி சூசை துணை

11-2-2025

ஹக்கீம் பாய்க்கு,

கூட்டம் முடிந்ததும் நீங்கள் டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள். வெட்கம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே வெட்கம்தான், அதனால் நானும் பின்னாலேயே ஓடி வரவில்லை. நேரில் பேச முடியாததை எழுதுகிறேன்.

எங்கள் தெருவுக்குத் தடை இல்லை. நேற்றே பெண்கள் புல்லுக்குப் போய்விட்டார்கள். எனக்கும் பழையபடி அனுமதி, அந்த மடுப் பக்கம் மட்டும் அடுத்த மழை வரைக்கும் யாரும் போகக் கூடாது. அதை அவர் சொல்லாவிட்டாலும் நானே சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் நெஞ்சில் நிற்கிறது. நான் இருபது நாளாகச் சத்தியம் பண்ணினேன், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. நீங்கள் போனில் வரைபடத்தைக் காட்டி, எழுதினது நான்தான் என்று ஐந்து நிமிஷம் பேசினீர்கள், ஏறிவிட்டது. ‘பாயே சொல்றாரு, சரி போ’ என்றார் கோதண்டபாணி. என் மேல் பழி போட்டதுக்கு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதில் கோபம்தான். உங்கள் மேல் இல்லை.

உங்களுக்கு நாற்காலி போட்டார்கள், நீங்கள் உட்காரவில்லை. நான் நிற்கிறேன் என்று நீங்களும் நின்றீர்களோ, முட்டி வலியோ, தெரியாது. ‘இவன்கிட்ட வேற ஏதாச்சும் கொறை உண்டா?’ என்று அவர் துருவித் துருவிக் கேட்டார். முள் விஷயம் வந்துவிட்டது என்று நினைத்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பாமலேயே, ‘கொறை இருந்தா அவர்கிட்டயே சொல்லிக்குவேன்’ என்றீர்கள். பாண்டுரங்கனிடமும் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். கொடுவாவுக்கு உங்களை எப்போது வேண்டுமானாலும் வரச் சொன்னார்.

இப்போது நான் கேட்கப் போவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அந்த அஞ்சு ஸ்டாருக்குக் கீழே என்னைப் பற்றி என்னவோ எழுதியிருந்தீர்களாம். வலைக்காரர்கள் படித்தார்கள். இருநூறு பேர் படித்தார்கள். சின்னபொண்ணு காதால் கேட்டாள். நான் மட்டும்தான் பார்க்கவில்லை. அழித்தது சரிதான், அழிக்கத்தான் வேண்டும். ஆனால் பாய், என்னைப் பற்றி எழுத்தில் இருப்பது ரேஷன் கார்டும் கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டும் மட்டும்தான். நல்லவன் என்றோ கெட்டிக்காரன் என்றோ யாரும் எழுதினதில்லை. ‘ஒருத்தர் எழுதினாராம், அதுவும் நம்மள ஒழிக்கப் பாத்துச்சு’ என்று அருணா சிரிக்கிறாள். சிரித்துவிட்டு, ‘என்னதான் எழுதியிருந்தாராம்?’ என்று கேட்கிறாள்.

ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.

சவுரிராயன்


786

திண்டிவனம்,
14-2-2025

அன்புள்ள சவுரி,

இதை எழுத நான்கு தாள் கிழித்தேன். ஃபர்ஹானா என் போனை நோண்டிப் பார்த்துவிட்டு, ‘அழிச்சது திரும்ப வராது வாப்பா’ என்று சொல்லிவிட்டாள். அதனால் ஞாபகத்தில் இருந்துதான் எழுதுகிறேன். சில வரிகள் அப்போது எழுதாதவை, இப்போது சேர்த்தது. இந்தத் தடவை நகல் எடுக்கவில்லை. இது ஒன்றுதான், உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

என் பெட்டியில் இருந்த மற்ற தவளைகளின் எதிர்முள்ளையும் நசுக்கிவிட்டேன். குறடு எங்கே என்று கேட்டதற்கு, அசன் பீவி அதை வைத்து இட்லித் தட்டு எடுப்பதாகச் சொல்லித் திட்டினாள்.

பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த நல்ல பேனாவால் எழுதியிருக்கிறேன். கீழே இருப்பதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

*

சவுரிராயன், மீன்பிடி வழிகாட்டி.

நட்சத்திரம்: ஐந்து.

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் கரையில் நிற்பார். தண்ணீரைப் பார்த்தே உள்ளே என்ன மீன் என்று சொல்வார். நாம் தூண்டில் போடும்போது அவர் போட மாட்டார். நாம் விட்ட மீனுக்காக வருத்தப்பட மாட்டார். ஒரே சஹனில் சாப்பிட்டோம், தன் பக்கத்துக் கறித் துண்டையும் என் பக்கமே தள்ளிவைத்தார். குஞ்சோடு இருக்கும் மீனை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டார், கூலி கொடுத்தவர் கேட்டாலும். குறை ஒன்று உண்டு. அதை அவரிடமே சொல்லிவிட்டேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

இடம்: சொல்ல மாட்டேன்.

அப்துல் ஹக்கீம்